நார்த்தங்காய்ப் பரிசோதனை

திருச்சி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

ரஞ்சிதா வணக்கம் சொல்லி எழுதுகிறேன். போனில் சிகிச்சைப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு டவர் போய்விடுகிறது. கடிதத்துக்கு டவர் வேண்டாம்.

விடுதிச் சாப்பாடு பரவாயில்லை. மழை இல்லை.

தம்பி பாலாஜி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது கீமோவுக்கு நீங்கள் போகவில்லை. தினமும் காலையில் நுணா இலைச் சாறு குடிக்கிறீர்கள். ஆடே முகர்ந்துவிட்டு நகரும் இலை. கறம்பக்குடி டீக்கடையில் "எம் மக கேன்சருக்கு மருந்து கண்டுபுடிச்சிருச்சுப்பா" என்று அறிவிப்பு வேறு. நல்லதம்பி மாமா, "எனக்கும் ஒரு டம்ளர் குடுங்க மச்சான், வாய்வுக்குக் கேக்குதான்னு பாப்போம்" என்றாராம்.

நான் சொன்னது இவ்வளவுதான்: லேபில் நுணாச் சாறு விட்ட தட்டில் புற்றுச் செல்கள் செத்தன. சந்தோஷத்தில் சொன்னேன். நீங்கள் எடுத்துக் குடித்துவிட்டீர்கள்.

அதனால் வியாழக்கிழமை இன்னொரு பரிசோதனை செய்தேன். அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய். சாற்றை வடிகட்டி அதே செல்களில் விட்டேன். என் ஆய்வு வழிகாட்டி சுகுணா மேடம் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, லேபா பந்தியா? அடுத்து வத்தக்குழம்பா?"

மறுநாள் பார்த்தோம். எல்லாம் காலி. நுணாவைவிட வேகம். மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. பிறகு, பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். தயிர்சாதத்துக்கு.

பக்கத்துத் தட்டில் நல்ல செல்கள். ஊறுகாய் அவற்றையும் விடவில்லை. நுணாவும்தான். தட்டில் கொல்வது சுலபம் அப்பா. உடம்புக்குள் ஆள் பார்த்துக் கொல்ல வேண்டும். என் இலைக்கு இன்னும் ஆள் தெரியவில்லை.

"எவனோ ஏத்துற சொட்டுமருந்துக்கு நீ கண்டுபுடிச்சது கொறச்சலா தாயி?" என்று போன வாரம் டவர் போகுமுன் கேட்டீர்கள். குறைச்சல்தான். நிறையவே.

அடுத்த புதன்கிழமை முதல் பஸ்ஸில் கறம்பக்குடி வருகிறேன். அங்கிருந்து இருவரும் தஞ்சாவூர். ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன். சாறு குடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

இந்த இலை நிஜமாகவே மருந்தானாலும் இருபது வருடம் ஆகும் என்கிறார் மேடம். அன்றைக்கு டீக்கடையில் சொல்ல ஆள் வேண்டும். பாலாஜிக்குச் சத்தம் போதாது.

பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள், அப்பா.

உங்கள் மகள்,
ரஞ்சிதா