மாத்திரைக்கும் நோன்பு

தாராவி, பம்பாய்.

கொழுந்தியா ஷரீஃபுன்னிசாவுக்கு மச்சான் கலீலுல்லா சொல்லும் ஸலாம். எழுதுவது எங்கள் தோல் கிடங்குக் கணக்கர் வானமாமலை. நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவார்.

நம் பக்கம் ஆட்சி மாறியதும், கொய்னாவில் பூமி ஆடி பம்பாய் வரைக்கும் உலுக்கியதும் போன வருஷம். உன் ராத்தா, என் வீட்டுக்காரி மதீனா பீவி மவுத்தானதும் அந்த வருஷம்தான். அப்போது உனக்கு முழுசாக எழுதவில்லை. இப்போது நீயே கேட்டுவிட்டாய்.

மூட்டு வீக்கத்துக்குப் பாளையங்கோட்டை டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலி போயிற்று, ஆனால் சர்க்கரை ஏறி ஊசியும் போடுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். நோன்பு வருகிறது, மாத்திரையை விட்டுவிடலாமா, ராத்தாவைக் கொண்டுபோனது அந்த மாத்திரைதானே என்று கேட்கிறாய்.

அவளுக்கும் இதே மாத்திரைதான். அதற்கு முன்னால் விரல் மடங்காது, குடம் தூக்க முடியாது. மாத்திரை வந்த பிறகு சண்டையில் தட்டை எறியும் அளவுக்குக் கை தேறியது. மாட்டுங்கா டாக்டர் மகாதேவன் மூத்திரத்தை நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். செங்கல் நிறம், சர்க்கரை மிக அதிகம். மாத்திரை சர்க்கரையை ஏற்றும், அதற்குத் தக்கபடி சர்க்கரை ஊசியின் அளவைக் கூட்டியிருக்கிறேன் என்றார்.

ரம்ஜான் வந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் ஆலிமே சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வாய் வழியே போகும் மாத்திரை நோன்பை முறிக்கும், தோலில் ஏறும் ஊசி முறிக்காது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். நோன்பு திறந்த பிறகாவது மாத்திரையைப் போடேன் என்றேன்.

“சக்கரைய ஏத்துறதே அந்தச் சைத்தான்தான். ஒரு மாசம் அதுவும் நோன்பு இருக்கட்டுமே” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஊசியை மட்டும் விடவில்லை. மகன் ஜமால் தினமும் காலையில் ஊசியைக் கொதிக்கவைத்துப் போட்டான்.

பூமி ஆடியது, நோன்பு தொடங்குமுன் விடிகாலையில் சாப்பிடும் ஸஹர் நேரத்தில். சட்டி பானை உருண்டது. எங்கள் சாளின் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் தெருவுக்கு ஓடினோம். பாங்கு சொல்லும்வரை பயந்து உள்ளே போகவில்லை. அவள் ஒரு கவளமும் சாப்பிடவில்லை. விடிந்ததும் வழக்கம்போல் ஊசி. நான் கிடங்குக்குப் போனேன்.

நடுப்பகல் லுஹர் நேரத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டிப் பேச்சுக் குழறியிருக்கிறது. பூமி ஆடிய பயம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓதி ஊதினார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாளாம். நோன்பாளி, அதோடு சர்க்கரைக்காரி, கொன்றுவிடாதே என்று மற்றவர்கள் தடுத்தார்கள். எனக்கு ஆள் வந்து, டாக்ஸி பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கை ஜில்லென்று இருந்தது. சாயங்கால அஸருக்கு முன்னால் முடிந்துவிட்டது.

மகாதேவன் பிறகு சொன்னார்: “மாத்திரை கொல்லலை ஓய். அதைத் திடீர்னு நிறுத்தினதும், வெறும் வயத்துல முழு ஊசி போட்டதும்தான். நிறுத்தறதா இருந்தா நான் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்.”

இங்கே மழை நின்றுவிட்டது. கிடங்கு நடக்கிறது. ஜமாலுக்கு டிராம்பேயில் வேலை. யாராவது ஊசி என்று பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நீ மாத்திரையை விடாதே. நோன்பு வைக்கலாமா என்று முதலில் டாக்டரிடம் கேள். வேண்டாம் என்றால் வேண்டாம். விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சோறு போடு, ஆண்டவன் ஏற்றுக்கொள்வான். கொஞ்சம் சர்க்கரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள். வேர்த்துக் கை நடுங்கினால், யார் தடுத்தாலும் வாயில் போட்டுக்கொள்.

உனக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். உங்கள் வாப்பாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் அக்தர் பானு அம்மை கண்டு போனாள். நடுவில் பிறந்தவள் இங்கே போனாள். அந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஷரீஃபுன்னிசா, நீ ஒருத்திதான்.