சிறுமலையில் பிடித்த தீ

8.11.1983

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சொன்னபடியே எல்லாம் நடந்துவிட்டது. இந்த வருஷம் மழை பிந்திக் காய்ந்துகிடந்த மலை எரிந்த மறுநாளே, "இனி ஓடையில தண்ணி நிக்காதுடா" என்று முந்நூறு பேர் முன்னால் முழங்கினேன். மழையை மெத்தைபோல் பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது சருகுதான். அது கரியாகிப் போனதால் முதல் மழை ஒரே பாய்ச்சலில் இறங்கிக் கண்மாயைச் சாம்பலால் மேடாக்கியது. மூன்றாம் நாளே ஓடை வற்றியது. உங்கள் பெரிய ஆபீசர்களே என்னிடம் பாடம் கேட்கலாம்.

ஆட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வீரணன் தீ வைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று பாரஸ்ட் கார்டான உன்னிடம் சொன்னேன். நீயும் நம்பிப் பிடித்தாய்.

இப்போது தண்ணீர் இருப்பது ஒரே கிணற்றில். அவன் பெண்டாட்டி சோணையம்மாளை அதில் இறைக்க விடமாட்டோம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நேற்றுக் காலிக் குடத்தோடு என் வாசலில் நின்றாள்.

"அண்ணே, அம்புட்டுத் தூரத்துல அவரு மொகம் எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

கதவைச் சாத்திக்கொண்டேன், மாப்ள.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். அதற்குள் எப்படியாவது அவனை விடச்சொல். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

அன்றைக்கு நான் மலைப்பக்கமே போகவில்லை. காளவாசலில் சைக்கிளுக்கு ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்