சட்டியில் மிஞ்சின எண்ணெய்

கூட்டேரிப்பட்டு

தேவாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன், ஆனால் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பது போனில் நீ பேசுகிற தோரணையிலேயே தெரிகிறது. நான் வாயைத் திறந்தால் சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுகிறாய், அதனால்தான் கவர் வாங்கி எழுதுகிறேன், இதைக் கட் பண்ண முடியாது. அப்பாவுக்கு முட்டிவலி, கொல்லையில் மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்க ஆள் கிடைக்காமல் தானே குனிந்து பிடுங்கிவிட்டுப் படுத்திருக்கிறார். உன் தங்கை கவிதா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அந்தச் சண்டைக்கும் நீதான் காரணம்.

போன லீவில் வந்தபோது நம் பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து என்ன சொன்னாய்? நெதர்லாந்தில் உன் ரிஃபைனரியில் கச்சா எண்ணெயோடு, பொரித்துத் தீய்ந்த எண்ணெயையும் கறிக்கடைக் கொழுப்பையும் கலந்து, ஹைட்ரஜன் வாயுவை அழுத்திக் கொடுத்துக் காய்ச்சினால் டீசலும் விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெயும் வருகிறது என்றாய். புது எண்ணெயைக் கலந்தால் பாவம், அதற்காகக் காட்டை அழிப்பார்கள், தின்று மிஞ்சினதுதான் வேண்டும் என்றாய். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த எண்ணெயை வாங்கி அனுப்ப மாப்பிள்ளை கோபியை ஏஜெண்டாக்கி நம் கொட்டகையில் பேரல் வைக்கச் சொன்னாய், சரி என்றேன். முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது, ஹைவே ஓட்டல்களின் கறுத்த எண்ணெய் தள்ளுவண்டிக்குப் போய்த் திரும்பப் பொரிவது நின்றது. அப்புறம்தான் ஊருக்குப் புத்தி வந்தது. ரேஷன் பாமாயிலைவிடத் தீய்ந்த எண்ணெய்க்கு விலை அதிகம் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? பாக்கெட்டை வெட்டி அண்டாவில் ஊற்றி, ஒரு பிடி மாவும் நாலு மிளகாயும் போட்டுக் கறுக்கக் காய்ச்சிக் கொண்டுவருகிறார்கள். மாப்பிள்ளை தடுக்கவில்லை, அனந்தபுரம் வரைக்கும் ஆள் அனுப்பி வாங்குகிறார், கம்பெனியில் உனக்கு நல்ல பெயர். அத்தனையும் என் கடையில் மிஞ்சினது என்று என் பெயரில் கப்பல் ஏறுகிறது. மயிலம் கிருத்திகைக் கூட்டத்தன்றைக்குக்கூட என் சட்டியில் ஒரு சொம்பு எண்ணெய் மிஞ்சாது. பேரல் பேரலாக மிஞ்ச வேண்டுமென்றால் திண்டிவனம் மொத்தமும் மூன்று வேளையும் என் பஜ்ஜியைத்தான் தின்ன வேண்டும்.

இதைச் சொன்னதற்கு, "லேப்ல பாஸ் ஆவுதும்மா, நீ ஏன் பேஜாரு பண்ணிக்கினு இருக்க" என்றாய். பாஸ் ஆனதை நீ அங்கே பார்த்தாய், நான் இங்கே புனிதாவைப் பார்த்தேன். என்னோடு கடையில் மாவு கரைக்கிற புனிதாதான். மாப்பிள்ளை கேட்டாரென்று கொட்டகையில் பாமாயிலைக் காய்ச்சிக்கொண்டிருந்தவள் மேல் அண்டா சரிந்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கவிதா அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உனக்குப் போன் செய்தேனே, அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? "அடுத்த மாசம் கம்பெனி ஆபீசர் வர்றாரும்மா, எல்லாம் நம்ம கடை எண்ணெய்தான்னு சொல்லிடு, புனிதாவுக்குச் சூடு பட்டதும் பஜ்ஜி போடும்போதுதான்னு சொல்லிடு, இல்லன்னா என் வேலை பூடும்" என்றாய். நம் பஜ்ஜி அடுப்புப் பக்கத்தில்தான் நீ தவழ்ந்தாய். ஒரு சொட்டு எண்ணெய் உன் மேல் தெறித்ததுண்டா? உடம்பில் எங்காவது தழும்பு இருக்கிறதா, சட்டையைக் கழற்றிப் பார். அந்த அடுப்பின் மேல் பழி போடச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்தது? பெற்ற பிள்ளையை வெறுக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். மாப்பிள்ளை வந்து, "ஜல்தி தொறங்க அத்தை, லாரி நின்னுக்கினு இருக்குது" என்று கத்தினார், வந்த வழியே அனுப்பிவிட்டேன். ஆபீசர் வரட்டும். பெஞ்சில் உட்கார வைத்து, அவர் கண்ணெதிரே அடுப்பைப் பற்றவைத்து, நாள் முழுக்கப் பஜ்ஜி போட்டு, சட்டியில் மிஞ்சுவதைச் சொம்பில் ஊற்றி அவர் கையில் கொடுப்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சொம்பைப் பார்த்தால் அவருக்குப் புரியும். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால் அதற்கு முன்னால் நீயே கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிடு. நான் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வதைவிட அது உனக்குக் கொஞ்சம் மரியாதை.

மயிலம் முருகன் உனக்கு நீண்ட ஆயுசும் அதைவிட முக்கியமாக நல்ல புத்தியும் கொடுக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே புனிதாவுக்குப் போன் செய், மறக்காதே. அவளால் போனைப் பிடிக்க முடியாது. நான் அவள் காதில் வைத்துப் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உன் அம்மாவாக இருக்கிற
ச. வெள்ளையம்மாள்