பலகைக்கு முதுகு காட்டி எடுத்த படம்

குத்துக்கல்வலசை,
16-7-1938.

அன்பு மகள் மங்களேஸ்வரிக்கு அம்மா ஆசீர்வாதம். ரங்கூனில் நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நான் ஐந்தருவியில் மயங்கி விழுந்ததாக உன் அத்தை இராமலட்சுமி எழுதினாளாமே, அது தப்பு. மூச்சு முட்டியது, பாறையில் உட்கார்ந்தேன், உட்காருவது விழுவதாகாது. என் இருதயம் வீங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி, நீயும் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறப் போவதாக எழுதியிருக்கிறாய். பொறு. நடந்ததைக் கேள்.

திருநெல்வேலியில் எக்ஸ்ரே எடுக்கும் மைதீன், படம் பதியும் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் அப்படி நிற்பேனா? “ஆச்சி, நான் உங்க முகத்தையா பிடிக்கேன், எலும்பைல்லா பிடிக்கேன்” என்று கெஞ்சிப் பார்த்தார். நான் மசியவில்லை, பலகைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன். டாக்டர் வல்லிநாயகம் படத்தில் ஸ்கேல் வைத்து, நெஞ்சுக்கூட்டின் அகலத்தில் இருதயம் பாதிக்கு மேல் இருக்கிறது, பெருத்திருக்கிறது என்றார். எப்படி அளந்தீர்கள் என்று விடாமல் கேட்டேன், பேச்சோடு நான் நின்ற விதமும் வந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, “முதல்லயே சொல்லப்படாதா ஆச்சி? தப்பு அளவுல்லா எனக்குக் குடுத்திருக்கிய!” என்றார். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டினால், சுவரை விட்டு விலக விலக நிழல் பெரிதாகுமல்லவா, நான் முதுகைக் காட்டி நின்றதில், நெஞ்சின் முன்பக்கம் இருக்கும் இருதயம் பலகையை விட்டு விலகிப்போனதால் அதன் நிழலும் அப்படித்தானாம். புதன்கிழமை மறுபடம். இந்தத் தடவை அவர்கள் சொன்னபடி நிற்பேன்.

ஆனால் நிழல்தான் பெரிது என்றால் மூச்சு ஏன் முட்டுகிறது? உன்னிடம் மறைக்க மாட்டேன், தலையணையை உயர்த்தி வைத்தால்தான் படுக்க முடிகிறது. இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துவிட்டேன், சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது, ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. சமையலுக்கு வரும் மாரித்தாய், “ஆச்சி, நடந்தே இன்னொரு சீக்கை வரவழைக்கப் போறிய” என்று ஏசுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. பால்வண்ணநாதர் துணை உனக்கு எப்போதும் உண்டு. தப்பாக எடுத்த படத்தை நம்பி, நீ பாடுபட்டுப் பெற்ற உத்தியோகத்தை விடக் கூடாது. சரியாக நின்று எடுத்தும் இருதயம் பெரிதாகவே தெரிந்தால், உன் அத்தை அல்ல, நானே வா என்று தந்தி அடிப்பேன். அப்போது வா. ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாயா, இன்னும் உன் கையில்தான் இருக்கிறதா? மறு தபாலில் உன் கைப்பட எழுது.

உன் அம்மா,
சண்முகசுந்தரி.