இடப்பக்கத்திலிருந்து உருகியது

ஜனவரி 9

ஆய்வகக் குளிரறையில் இன்று மைனஸ் பதினைந்து. பனித்துகள் நட்சத்திரமாகக் கிளைவிட இதுதான் வாகான குளிர். காலை முழுக்க நின்று எனக்குக் கிடைத்தவை: ஆறு கையில் ஒன்று ஒடிந்த துகள் ஒன்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை இரண்டு. மதியம் வந்த தங்கை அரை மணியில் ஆறு கையும் முழுசாக ஒன்றைப் படம் பிடித்துவிட்டாள். தலைமை ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என் படத்துக்கு அவர் கண்ணாடியைத் துடைத்ததே இல்லை.

அவளை இங்கே சேர்த்துவிட்டது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜனவரி 14

நிரந்தர வேலை ஒன்றுதானாம். இருபத்தெட்டுக்குள் ஆளுக்கொரு படைப்பு கொடுக்க வேண்டும். எது சிறந்ததோ அதைக் கொடுத்தவருக்கு வேலை. ஒப்பந்தத்தில் எனக்கு ஏழு வருஷம், அவளுக்கு ஏழு மாதம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கிடைச்சா என்னடி" என்றாள். யாருக்குக் கிடைத்தால் என்னவா?

ஜனவரி 15

வயிறு எரிகிறது. எழுதியாயிற்று, போதும்.

ஜனவரி 20

பார்வையாளர்கள் வந்தார்கள். ஏன் எப்போதும் ஆறு மூலை என்று ஒரு பெண் கேட்டாள். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஆறு ஆறாக வளையம் கட்டிக் கைகோத்துக்கொள்கின்றன, அந்த ஒழுங்குதான் வெளியே மூலையாகத் தெரிகிறது என்று தங்கை விளக்கினாள். கைதட்டல் வேறு. அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். விரல்களைக் கோத்துக் காட்டியதுகூட என்னுடையது.

ஜனவரி 26

செய்துவிட்டேன்.

கண்ணாடித் தகட்டில் அவளுக்கு ஒன்று விழுந்தது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை — ஆறு கையிலும் கிளைக்குமேல் கிளை, ஒரு பிசகு கிடையாது. கேமராவின் பொத்தானைத் தட்டிவிட்டு அவள் வெளிச்சத்தைச் சரிசெய்யக் குனிந்தாள். இங்கே யாரும் தகட்டருகே மூச்சுவிடுவதில்லை, வாயை மூடிய துணியோடுதான் நிற்போம். நான் துணியை இறக்கினேன். ஒரே மூச்சு. அவள் நிமிர்ந்தபோது அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்.

"என் மூச்சுதான் பட்டிருக்கும்க்கா" என்றாள். நான் ஆமாம் என்றேன். ஆமாம் என்று வேறு சொன்னேனே, சே, நானெல்லாம் ஒரு அக்காவா?

ஜனவரி 29

நான் கொடுத்தது ஒரு படம். அவள் கொடுத்தது பதினொன்று. கேமரா அரை நொடிக்கொன்றாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது: கூர்நுனிகள் முதலில் மழுங்கி, கிளைகள் உள்வாங்கி, கடைசியில் துளி. தலைமை ஆய்வாளர் பதினொன்றையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். இவ்வளவு நிதானமாக எப்படி உருக வைத்தாய் என்று கேட்டார். அக்கா கூட இருந்தாள் என்றாள்.

நடைவழியில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "இடப்பக்கக் கைதான் முதல்ல கரைஞ்சிருக்கு. நான் வலப்பக்கம் நின்னேன்."

கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

பிப்ரவரி 16

வேலை அவளுக்கு. இப்படி உருகும் பட வரிசைகள் இன்னும் நாற்பது வேண்டுமாம், முதல் வரிசையைப் போலவே. சூடுகாட்டும் கருவியை வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. என் ஒப்பந்தத்தை நீட்டித்து அவளுக்கு உதவியாளாகப் போட்டிருக்கிறார்கள்.

இன்று ஆறு துகள். அவள் வலப்பக்கம் நின்று விரலை உயர்த்துவாள், நான் இடப்பக்கம் துணியை இறக்க வேண்டும்.

"அன்னைக்கு மாதிரியே, அக்கா" என்றாள்.

ஊதினேன்.