பாறையிடம் கேட்காமல் ஏறியவன்

என் அன்பு மனைவிக்கு,

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அமெரிக்கப் பனி கொட்டுகிறது. நம் கோமதிக்கு ஏழாம் மாதம், நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நேற்று மாப்பிள்ளை ஓர் ஆஸ்திரேலிய மர்மப் படத்தின் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்தார். நிலம் அளக்கப் போன சர்வேயர் ஒரு பாறையில் காணாமல் போகிறார். துப்பறிபவர் வரைபடத்தோடு தேடி அலைகிறார். அந்த மண்ணின் பூர்வகுடி மூதாட்டியோ, "பாறையிடம் கேட்காமல் ஏறினான்" என்கிறாள். ஆள் கிடைக்காமலே படம் முடிந்தது.

"மாமா, டேப்ல கடைசி பீஸ் கட் ஆயிருக்கு, ரிட்டர்ன் பண்ணிடறேன்" என்றார் மாப்பிள்ளை.

"இல்லை மாப்பிள்ளை. 'தந்த விவரம் போதாது' என்பதும் சில கணக்குக்குச் சரியான விடைதான். நான் முழு மார்க் போட்டிருக்கேன்."

கோமதி சிரித்தாள். "பாறைகிட்ட யாராவது பர்மிஷன் கேப்பாங்களாப்பா?"

"உங்கம்மா கேட்டாளே! இங்கே வரலாமான்னு சாஸ்தா கோயில்ல பூப் போட்டுப் பார்த்தா. வெள்ளை வந்தா உத்தரவு. வந்தது சிவப்பு."

"அம்மாவுக்கு முட்டி வலின்னீங்க?"

"உனக்குப் புரியற மாதிரி ஒரு காரணம் வேணுமே."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "ஏங்க, டேட் போடாத ஓப்பன் டிக்கெட் கிடைக்குமில்ல?" என்றாள்.

கிடைத்தது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தேதியை நீயும் சாஸ்தாவும் பேசி முடிவு செய்யுங்கள். பிரசவம் பங்குனியில் என்பதை மட்டும் அவரிடம் சொல்லி வை. பிள்ளை யார் உத்தரவுக்கும் காத்திருக்காது.

நானும்தான்.

இங்கே தினமும் தன் காப்பியைத் தானே கலந்து குடிக்கும்,
உன் வாத்தியார்