காற்று வரும் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா?

நேற்று வேலையில் கொஞ்சம் தும்மினேன். "அண்டர் த வெதரா?" என்றார் மேலாளர். புரியாமல் விழித்தேன். பக்கத்து மேசை அண்ணன் சிரித்தார்.

"உடம்பு சரியில்லையான்னு கேக்குறாருடா. அந்தக் காலத்துல கப்பல்ல சீக்காளிய மழை, காத்து படாம கீழ்த்தட்டுக்கு அனுப்புவாங்களாம். அதுல வந்த பேச்சும்பாங்க. உனக்கு ஏது கீழ்த்தட்டு? ரூமுக்குப் போய்ப் படு."

படுத்தேன். பயப்படாதே, காய்ச்சல் இறங்கிவிட்டது.

சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால், ஜன்னல் இடுக்கில் எதையோ திணித்துவிட்டு, காற்று வரும் பக்கம் நீ படுத்துக்கொள்வாய். இங்கும் ஜன்னலில் இடுக்கு இருக்கிறது. என்ன திணிப்பாய் என்று எழுது. செய்தித்தாள் நிற்கவில்லை.

இப்போதைக்கு அந்தப் பக்கம் தலையணையைப் போட்டிருக்கிறேன். வேலைக்கு நேரமாகிறது.

உன் மகன்